கால் போன பின் கம்பு கொடுப்பதா?

தோட்டத் தொழிலாளியின் உடம்பில் தழும்பு இல்லாமல் இருப்பதில்லை. உளி பட்ட விரல், முள் கீறிய கெண்டைக்கால், காண்டாக் கம்பு அழுத்திக் காய்த்துப்போன தோள், திராவகம் தெறித்து வெளுத்த புறங்கை என்று ஒவ்வொரு பால்வெட்டுத் தொழிலாளியின் உடம்பும் அவர் செய்த வேலைக்குச் சாட்சியாக இருக்கிறது. இந்தக் காயங்களில் பெரும்பாலானவை சில நாட்களில் ஆறிவிடுகின்றன. ஆறாமல் நிற்கிற சிலவற்றைப் பற்றியே இன்று நாம் எழுத முன்வந்திருக்கிறோம். ஆறாத ஒரு சிறு புண் ஒரு காலைக் கொண்டுபோய்விடுகிறது. கால் போனால் பிழைப்புப் போகிறது. பிழைப்புப் போனால் ஒரு குடும்பமே பிறர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டியதாகிறது.

கால் போன பிறகு ஊன்றுகோல் கொடுக்கவும், சக்கர நாற்காலி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளவும் பலர் முன்வருகிறார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நாம் குறை கூறவில்லை. ஆனால் அந்தக் கால் போகாமல் காப்பதற்கு யார் இருந்தார்கள் என்ற கேள்வியை நாம் கேட்டே தீரவேண்டும்.

புண்ணுக்கு மருந்து கட்டுவது ஒரு நாள் காரியம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆழமான புண்ணோ, இனிப்பு நீர் உள்ளவரின் காலில் வந்த புண்ணோ ஒரு நாளில் ஆறுவதல்ல. வாரத்தில் இரண்டு மூன்று தடவை கட்டைப் பிரித்து, கழுவி, அளந்து பார்த்து, மறுபடியும் கட்ட வேண்டும். இப்படி வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நடக்க வேண்டும். அத்தனை தடவையும் நோயாளியே பஸ் ஏறிப் போய் வர வேண்டுமா, அல்லது மருந்து கட்டத் தெரிந்த ஒருவர் நோயாளியின் வீட்டு வாசலுக்கு வர வேண்டுமா என்பதே கேள்வி. ஆள் லயத்துக்கு வரவேண்டும் என்பதே நமது கட்சி.

பால் ஓடும் நேரமும் கிளினிக் நேரமும்

பால்மரம் விடியற்காலையில்தான் நன்றாகப் பால் விடும். வெயில் ஏற ஏற மரத்திற்குள் இருக்கும் நீரின் அழுத்தம் குறைந்து பால் ஓட்டம் மட்டுப்படும். ஆகையால் தலைவிளக்கின் வெளிச்சத்தில், இருட்டு விலகுமுன்பே தொழிலாளி நிரைக்குள் நுழைகிறார். ஈரப் புல், வழுக்கும் சரிவு, அடியில் மறைந்து கிடக்கும் முள், உடைந்த மங்கு, கையில் கூர்மையான உளி. காயம் படுவதற்கு வேறென்ன வேண்டும்?

காயம் பட்டதும் வேலையை நிறுத்திவிட்டு வருகிறாரா என்றால் இல்லை. கூலி எடைக்குத் தகுந்தபடி கிடைக்கிறது. வெட்டிய மரத்தில் பால் ஓடிக்கொண்டிருக்கிறது. விட்டுவிட்டு வந்தால் அன்றைய கூலி போயிற்று. மழை நாட்களில் ஏற்கனவே கூலி இழந்தவர் காயத்திற்காக இன்னும் ஒரு நாளை இழக்கத் துணிவதில்லை. ஆகவே சேலைத் தலைப்பிலோ, பழைய துணியிலோ ஒரு கிழிசலைச் சுற்றிக்கொண்டு அடுத்த மரத்திற்குப் போய்விடுகிறார்.

பிறகாவது கிளினிக்குக்குப் போகலாம் அல்லவா? அரசாங்கக் கிளினிக்கின் கதவு திறக்கும் நேரமும் பால் எடுக்கும் நேரமும் ஒன்றாகவே இருக்கின்றன. பாலை நிறுத்துக் கொடுத்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்து, வீட்டுக்கு வந்து குளித்து, பெரிய சாலை வரை நடந்து பஸ் பிடித்துப் போனால் பொழுது சாய்ந்துவிடுகிறது. குடிமக்களுக்கு அங்கே வாங்குகிற கட்டணம் 1 வெள்ளிதான். மருத்துவம் மலிவாக இருக்கிறது; அந்த வாசலை அடைவதற்கு ஆகும் செலவும் இழக்கும் கூலியுமே தொழிலாளிக்குக் கட்டவில்லை. இந்த உண்மையை அறியாதவர்கள்தான் "கிளினிக் இருக்கிறதே, ஏன் போவதில்லை?" என்று கேட்கிறார்கள்.

டிரஸ்ஸர் இருந்த காலம்

முன்னாளில் பெரிய தோட்டங்களில் சொந்த ஆஸ்பத்திரி இருந்தது. இல்லாத இடங்களில் பல தோட்டங்களுக்குப் பொதுவாக ஒன்று இருந்தது. அங்கே டிரஸ்ஸர் என்று நாம் அழைத்த மருத்துவ உதவியாளர் இருந்தார். அந்தத் தொழிலுக்குரிய பதிவை ஒழுங்குபடுத்த 1965ஆம் ஆண்டில் ஒரு சட்டமே செய்யப்பட்டது. அந்த நாட்களைப் பொற்காலம் என்று நாம் பாடப்போவதில்லை. வயிற்று வலிக்கும் தலைவலிக்கும் ஒரே மருந்தைக் கொடுத்து அனுப்பியதையும், நோயாளியை நம்பாமல் வேலைக்கு விரட்டியதையும் நம் முதியோர் இன்றும் சொல்வார்கள். எனினும் ஒரு நன்மை இருந்தது. மருந்து கட்டுகிறவர் தோட்டத்திலேயே குடியிருந்தார். யாருடைய புண் ஆறவில்லை, யார் இரண்டு நாளாகப் பெரட்டுக்கு வரவில்லை, எந்தக் கிழவி எழுந்து நடமாடவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. லயத்தைச் சுற்றி வரும்போது கண்ணால் பார்த்தே அறிந்துகொண்டார்.

தோட்டங்கள் துண்டு போடப்பட்டன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. இவற்றோடு தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் மிகப் பலவும் மறைந்தன. வீடு, தண்ணீர், சுகாதாரம் ஆகியவற்றில் முதலாளியின் கடமையைக் கூறும் சட்டம் 1990ஆம் ஆண்டிலேயே இருக்கிறது. 446ஆவது சட்டம் என்று அதைச் சொல்வார்கள். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. லயத்தைச் சுற்றி வந்து புண்ணைப் பார்த்த அந்தக் கண்கள் இன்று இல்லை. அந்த இடத்தை யார் நிரப்புவது?

வலிக்காத புண்ணே கொடிய புண்

நமது மக்களை இன்று அதிகமாக வாட்டுவது இனிப்பு நீர் நோய். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்ததாகக் கண்டது. 2023ஆம் ஆண்டில் அது 15.6 விழுக்காடாக இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் இது மிக அதிகம். இந்தக் கணக்கில் தோட்டத்து மக்களும், தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேறிய மக்களும் அடக்கம்.

இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் அதிகமாக நின்றால் காலின் நரம்புகள் மரத்துப்போகின்றன. இரத்தக் குழாய்களும் அடைபடத் தொடங்குகின்றன. மரத்த காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. சிலிப்பருக்குள் கிடக்கும் சிறு கல் நாள் முழுவதும் அறுத்தாலும் தெரியாது. வலித்தால் மனிதன் நொண்டுவான், உட்காருவான், காலைத் தூக்கிப் பார்ப்பான். வலிக்காதபோது அதே புண்ணின் மேல் மிதித்துக்கொண்டே நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வருகிறான். துணியில் ஈரம் கண்டோ, நாற்றம் அடித்தோதான் புண் இருப்பதே தெரிகிறது. அதற்குள் சீழ் எலும்பு வரை போயிருக்கலாம்.

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக் காட்டியவர்களில் ஒருவர் நமது மூதாதையர் பிறந்த மண்ணிலேயே பிறந்தவர். கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றி, தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தார். தொழுநோயால் விரல்கள் தாமாக அழுகி விழுகின்றன என்றே அந்நாள் வரை பலரும் நம்பியிருந்தனர். வலி தெரியாத கை கால்களில் சிறுசிறு காயங்கள் பட்டுப் பட்டு, கவனிப்பின்றிப் போவதே காரணம் என்று அவர் கண்டார். அந்தக் கால்களுக்கு நுண்துளைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பரில் செருப்புகள் செய்து கொடுத்தனர். பாதத்தின் அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பரவியதும், ஆறாத புண்கள் ஆறின. பின்னர் 1966ஆம் ஆண்டில் அவர் அமெரிக்காவுக்குச் சென்றபோது, இதே பாடம் இனிப்பு நீர் நோயாளிகளின் கால்களுக்கும் பயன்பட்டது.

ரப்பர் ஒரு காலைக் காப்பாற்ற முடியும் என்று வேலூரில் காட்டினார்கள். அந்த ரப்பருக்கே பால் வெட்டிக் கொடுத்த கால்களுக்கு நல்ல செருப்புக்கும் வழியில்லை என்றால் அதைவிட வெட்கக்கேடு உண்டா?

மண்ணில் இருக்கும் மற்றொரு பகை

ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமி காலிலுள்ள வெடிப்பு வழியாகவும் புண் வழியாகவும் உடம்புக்குள் நுழைகிறது. மெலியோய்டோசிஸ் என்பது அந்த நோயின் பெயர். ரங்கூனில் விட்மோர் என்ற வெள்ளைக்கார டாக்டரும் கிருஷ்ணசாமி என்ற இந்திய டாக்டரும் சேர்ந்து இதைக் கண்டறிந்து 1912ஆம் ஆண்டில் எழுதினார்கள். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஸ்டாண்டன், பிளெட்சர் ஆகிய இருவர் 1921ஆம் ஆண்டில் இதற்கு இப்பெயரை இட்டனர். நூறு ஆண்டுகளுக்கு மேல் அறியப்பட்ட நோய். இருந்தும் நம் லயங்களில் எத்தனை பேருக்கு இதன் பெயர் தெரியும்? இந்நோய் எல்லாரையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. இனிப்பு நீர் உள்ளவர்களையே மிகுதியாகத் தாக்கி, நுரையீரல் வரை சென்று உயிருக்கு உலை வைக்கிறது. மழைக்காலத்தில் திறந்த புண்ணோடு சேற்றில் இறங்கிய ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், அவர் டாக்டரிடம் இரண்டு செய்தியைத் தவறாமல் சொல்ல வேண்டும்: ஒன்று, தமக்கு இனிப்பு நீர் இருப்பது, மற்றொன்று, தாம் மண்ணில் வேலை செய்கிறவர் என்பது.

மண்ணில் இருக்கும் ரணஜன்னிக் கிருமியையும் மறந்துவிடக் கூடாது. அழுக்கு ஏறிய காயம் பட்டு, கடைசி ஊசி போட்டு 5 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால் மறு ஊசி தேவைப்படும். சுத்தமான சிறு காயம் என்றால் 10 ஆண்டுக் கணக்கு. சிறு வயதில் போட்டதே போதும் என்று இருந்துவிடுகிறவர்கள் பலர்.

மஞ்சளும் மண்ணெண்ணெயும்

கை வைத்தியத்தை நாம் இகழவில்லை. மருந்து கிடைக்காத காட்டுக்குள் நம் தாய்மார்கள் தமக்குத் தெரிந்ததைச் செய்து பிள்ளைகளைக் காத்தார்கள். ஆயினும் திறந்த புண்ணில் காப்பித்தூள், சாம்பல், மண்ணெண்ணெய், பற்பசை, பால்மரத்துப் பால் ஆகியவற்றை அப்புவது புண்ணுக்குத் தீங்கே செய்யும். அவை அழுக்கைச் சேர்க்கின்றன, சதையைச் சுடுகின்றன, புண் எந்த நிலையில் இருக்கிறது என்பதை மறைக்கின்றன. சமையல் மஞ்சளும் அப்படியே. காயம் பட்டவுடன் செய்ய வேண்டியது எளிய காரியம். இரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். பிறகு குடிக்கத் தகுந்த ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான கட்டுப் போட வேண்டும். பால் உறைய வைக்கும் திராவகம் பட்டால் 20 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். திராவகத்தை முறிக்க வேறொன்றைப் பூசக் கூடாது.

புண்ணைக் காற்றில் காயவிட்டால் பொருக்குத் தட்டி விரைவில் ஆறும் என்பது இன்னொரு நம்பிக்கை. 1962ஆம் ஆண்டில் ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையில், ஈரம் காக்கும்படி மூடிய புண்ணில் காயவிட்ட புண்ணைவிட விரைவாகப் புதுத் தோல் படர்வதைக் காட்டினார். இக்காலத்துக் கட்டுகள் அந்த வழியிலேயே செய்யப்படுகின்றன. ஈரம் காப்பது என்றால் ஊறவிடுவது என்று பொருளல்ல. கட்டு நனைந்து ஒழுகினால் மாற்றியே ஆகவேண்டும்.

எல்லாப் புண்ணுக்கும் ஒரே கட்டு என்பதும் தவறு. கணுக்காலுக்கு மேலே உட்புறத்தில், நரம்பு புடைத்துத் தோல் கறுத்த இடத்தில் வருகிற புண் பல ஆண்டுகள் நிற்கும். அதற்கு மருந்தைவிட முக்கியம், கீழிருந்து மேலாக இறுக்கிச் சுற்றும் கட்டு. ஆனால் காலில் இரத்த ஓட்டம் குறைந்தவருக்கு அதே கட்டைச் சுற்றினால் கால் செத்துவிடும். முதலில் பாதத்து நாடியைப் பார்த்தறிய வேண்டும். பாதத்தின் அடியில் வந்த இனிப்பு நீர்ப் புண்ணுக்கோ, அதன் மேல் பாரம் விழாமல் செய்வதே பாதி வைத்தியம். இந்த வேற்றுமையைப் படித்த கண்தான் காணும். அதனால்தான் பயிற்சி பெற்ற தாதி வேண்டும் என்கிறோம். "பிளாஸ்திரி ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறோம்" என்று நிர்வாகம் சொல்வது இதற்குப் பதிலாகாது.

படுக்கையில் கிடப்போர்

பக்கவாதம் வந்தும், முதுமையாலும் படுக்கையில் கிடக்கும் பழைய தொழிலாளர்களை நினைத்துப் பாருங்கள். முப்பது நாற்பது ஆண்டு நிரை பிடித்தவர்கள். மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, மாலை வரை ஒரே பக்கமாகக் கிடக்கிறார்கள். இடுப்பின் அடியிலும் குதிகாலிலும் இரத்த ஓட்டம் நின்று சதை அழிகிறது. அதுவே படுக்கைப் புண்.

புத்தகங்களில் "தோல் சிவந்தால் எச்சரிக்கை" என்று எழுதியிருக்கும். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே நம்மவர்களுக்குக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ, குளிர்ந்தோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால், தொட்டதும் முகம் சுளித்தால், அதுவே ஆரம்பம். அந்தப் பக்கம் படுக்க வைக்காமல், சில மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டி விட வேண்டும். கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் செய்ய வேண்டும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணை நல்லது என்று வாங்கி வருகிறார்கள்; அது சுற்றிலும் அழுத்திக் கேட்டை அதிகமாக்கும். வெறும் கஞ்சி மட்டும் கொடுத்தால் சதை வளராது. முட்டை, மீன், பருப்பு ஏதாவது ஒன்று அன்றாடம் சேர வேண்டும்.

இத்தனையும் செய்கிறவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண். விடியலில் மரம் வெட்டி, பகலில் சமைத்து, இரவில் மாமியாரைப் புரட்டிப் போடுகிறவர். புண் வந்துவிட்டால் ஊரார் அவரைத்தான் குறை சொல்கிறார்கள். எப்படித் தூக்குவது, எப்படிக் கழுவுவது என்று அவருக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் வீடு தேடி வரும் தாதியர் சேவை என்று ஒன்று இருக்கிறது. படுக்கையில் கிடப்போரைப் பார்க்கவும், பார்த்துக்கொள்வோருக்குக் கற்றுக் கொடுக்கவும் ஏற்பட்டது அது. ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளியைக் கூட்டி வரும்போதே அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்கத் தெரிந்தவருக்கு மட்டும் கிடைத்து, கேட்கத் தெரியாதவருக்குக் கிடைக்காமல் போவது நீதியல்ல.

யாரும் இல்லாதோர்

பிள்ளைகள் பட்டணம் போய்த் தனித்திருக்கும் விதவைகள், குடிக்கு அடிமையாகி ஒதுக்கப்பட்டவர்கள், புத்தி பேதலித்தவர்கள், தொழுநோய் குணமாகியும் மரத்த காலோடு வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். நாற்றம் வருகிறது என்று இவர்கள் வாசலைத் தாண்டிப் போகிறோம். நாற்றம் அவர்களுடைய குணத்தின் குற்றமல்ல. புண்ணுக்குள் கிருமி பெருகிவிட்டதன் அடையாளம். அவமானப்பட்டுப் புண்ணை மறைக்கிறவரே முதலில் காலை இழக்கிறார்.

அயல்நாட்டுத் தொழிலாளரையும் இங்கே குறிப்பிட வேண்டும். இன்று இந்தோனேசியரும் வங்காளதேசியரும் நேப்பாளியரும் நம் தாத்தாமார் செய்த வேலையைச் செய்கிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் அவர்களுக்கு 1 வெள்ளிக் கட்டணம் கிடையாது. பாஸ்போர்ட் பிறர் கையில் இருந்தால் வெளியே போகவும் அஞ்சுகிறார்கள். கப்பலேறி வந்த நம் முன்னோரும் இதே நிலையில்தான் இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது. 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் அவர்களுக்கும் சொக்சோவின் வேலை விபத்துக் காப்புறுதி உண்டு. இதை அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டியது நம் சங்கத்தின் கடமை.

கிராணிமாருக்கு ஒரு வார்த்தை

1969ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வேலையில் பட்ட காயத்திற்கு டாக்டர் 4 நாளுக்குக் குறையாமல் எம்.சி. கொடுத்தால், கணக்கிடப்பட்ட தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். விபத்து நடந்ததை முதலாளி 48 மணி நேரத்திற்குள் அறிவிக்க வேண்டும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், சேவைக் காலத்திற்கு ஏற்ப ஆண்டுக்கு 14, 18, 22 நாட்கள் சம்பளத்தோடு நோய் விடுப்புத் தருகிறது. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாட்கள். 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் இந்த 60 நாட்கள் தனியாகக் கணக்கிடப்படுகின்றன.

இந்த உரிமைகள் அனைத்தும் ஒரு பேனாமுனையில் தொங்குகின்றன. செக்ரோலில் "வரவில்லை" என்று எழுதுவதா, "வேலையில் காயம்" என்று எழுதுவதா? அதை எழுதுகிறவர்கள் கிராணிமார்களாகிய நாம். சின்னக் காயம்தானே என்று எழுதாமல் விட்டால், மூன்று மாதம் கழித்து விரலோ காலோ எடுக்கப்படும்போது, அந்தப் புண் வேலையில் வந்தது என்பதற்கு ஆதாரம் இருக்காது. விபத்துக் கணக்கு ஏறினால் மேலே கேள்வி வரும் என்று சில நிர்வாகங்கள் அஞ்சுகின்றன. காண்ட்ராக்டர் கீழ் வேலை செய்கிறவர்கள் பலர் சொக்சோவில் பதியப்படுவதே இல்லை. இடம், நாள், நேரம், எந்தக் கருவி, யார் சாட்சி என்ற ஐந்தையும் அன்றே எழுதி வைப்பது பெரிய புரட்சியல்ல. ஆனால் ஒரு குடும்பத்தின் கஞ்சி அதில் இருக்கிறது.

நாம் கேட்பவை

நிர்வாகங்கள் செலவைக் காட்டும். ரப்பர் விலை இறங்கிவிட்டது என்பார்கள். விலை ஏறிய நாட்களில் தாதியை வைத்தார்களா என்று நாம் கேட்கலாம்; அந்த வாதத்தில் இறங்காமல் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தேர்ந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் காலை இழந்தால் அந்த நிரைக்குப் புது ஆள் தேட வேண்டும், பழக்க வேண்டும், பழகாத கை மரத்தின் பட்டையைக் காயப்படுத்தும். மரத்திற்குப் பட்ட காயத்தை மண்டோர் பார்த்துக் குறித்து வைக்கிறார், மருந்தும் பூசச் செய்கிறார். மனிதனுக்குப் பட்ட காயத்தையும் அதே கவனத்தோடு பார்க்கச் சொல்கிறோம். இது அதிகமான கோரிக்கையா?

முதலாவதாக, ஒவ்வொரு தோட்டத்துக்கும், சிறு தோட்டங்களாயின் சிலவற்றுக்குச் சேர்த்தும், பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரோ தாதியோ வாரம் ஒரு முறையாவது லயங்களுக்கு வரவேண்டும். ஆறாத புண் உள்ளோரின் பெயர்ப் பட்டியல் அவர் கையில் இருக்க வேண்டும். ஓய்வு பெற்றவர்களும் அதில் சேர வேண்டும்.

இரண்டாவதாக, பால் வேலை முடிந்த பிறகு போகக்கூடிய பிற்பகல் நேரத்தில், மருந்து கட்டுவதற்கென்று அருகிலுள்ள கிளினிக்கில் இடம் ஒதுக்கப்பட வேண்டும். அங்கே போய் வர நிர்வாகம் வண்டி கொடுக்க வேண்டும்.

மூன்றாவதாக, மருந்து கட்டப் போன நாள் வேலைக்கு வராத நாளாக எழுதப்படலாகாது.

நான்காவதாக, ஒவ்வொரு மண்டோருக்கும் முதலுதவிப் பயிற்சியும், நிரைக்கு அருகில் பெட்டியும், சுத்தமான தண்ணீரும் வேண்டும். கால் மரத்தவர்களுக்குத் தகுந்த காலணி வேண்டும்.

ஐந்தாவதாக, வீட்டில் செய்ய வேண்டியதைத் தமிழிலும், அயல்நாட்டுத் தொழிலாளரின் மொழிகளிலும் அச்சிட்ட தாளாகக் கொடுக்க வேண்டும்.

இவை பிறரிடம் நாம் கேட்பவை. நம்மிடம் நாமே கேட்க வேண்டியதும் உண்டு. ஒவ்வொரு கிளைச் செயற்குழுவும் தன் லயங்களில் புண்ணோடு இருப்பவர் யார், படுக்கையில் இருப்பவர் யார், தனியாக இருப்பவர் யார் என்று ஒரு பட்டியல் எடுக்க வேண்டும். மாதர் பகுதித் தோழியர் இதில் முன்னிற்க முடியும். சம்பள நாளன்று சந்தா வசூலிக்க வீடு வீடாகப் போகும்போது, "அண்ணே, காலைக் காட்டுங்க" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இனிப்பு நீர் உள்ள ஒவ்வொருவரும் இரவு படுக்குமுன் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர் கண்ணாடி வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். காலணியை உதறிவிட்டு மாட்டுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது கிளினிக்கில் பாதத்தின் உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளுங்கள். புண்ணைச் சுற்றி வீக்கமோ சூடோ பரவினால், நாற்றம் எடுத்தால், விரல் கறுத்தால், காய்ச்சலும் குளிரும் வந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்டி இல்லை என்றால் கிளைத் தலைவரின் கதவைத் தட்டுங்கள். நடுராத்திரி ஆனாலும் தட்டுங்கள். அதற்காகவே அவரைத் தேர்ந்தெடுத்தீர்கள்.

சம்பளம், போனஸ், வீடு என்று எத்தனையோ போராட்டங்களை நம் சங்கம் கண்டிருக்கிறது. அந்தப் போராட்டங்களுக்கு ஊர்வலமாக நடந்து வந்த கால்கள் இவை. வருகிற கிளைக் கூட்டங்களில் மேற்கண்ட ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, ஒரு பிரதியை நிர்வாகத்திற்கும், ஒன்றை மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்கும், ஒன்றைத் தலைமையகத்திற்கும் அனுப்பும்படி எல்லாக் கிளைகளையும் கேட்டுக்கொள்கிறோம். பட்டியலை இந்த மாதமே எடுக்கத் தொடங்குங்கள்.